தாய்மாமனுக்குச் சிவப்புப் பட்டை

என் அத்தையை ஒருமுறை நான் சாகவிடப் பார்த்தேன். கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது. சத்தம் அடங்கினால் போதும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். (அத்தை இப்போது நன்றாக இருக்கிறார். போன வாரம்கூட எனக்கு மொச்சைக் குழம்பு கொடுத்து அனுப்பினார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சிரிக்க வேண்டிய இடத்தில் நீங்கள் சிரிக்க மாட்டீர்கள்.)

அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் புதிதாக வரும் நர்ஸ் முதல் வாரத்திலேயே ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுவாள் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். நான் விழவில்லை. ரத்தம், எலும்பு, வாந்தி எதுவும் என்னை அசைக்கவில்லை. மூன்றாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு என் சொந்தக்காரர்கள் ஒன்பது பேர் மொத்தமாக வந்து இறங்கினார்கள். அதில்தான் விழுந்தேன்.

எங்கள் ஊர் ரெட்டியார்சத்திரத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பா கத்திரியும் தக்காளியும் போடுகிறார். அப்பா வழியிலும் சரி, அம்மா வழியிலும் சரி, பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்துவிட்டு அதற்கு மேலும் போன முதல் ஆள் நான்தான். நாலு வருஷம் நர்சிங் படித்து, திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை வாங்கி, நேராக அவசரப் பிரிவிலேயே போடப்பட்டேன். என்னுடைய அந்த மூன்று வாரத்துத் திமிரை இப்போது நினைத்தாலும் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் இருமினால்கூட, எத்தனை நாளாக இருக்கிறது, சளி என்ன நிறம் என்று விசாரிப்பேன். சேர்ந்த அன்றே யூனிஃபார்மில் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டிருந்தேன். அதைப் பார்த்த அம்மா, "எம்மக பெரிய ஆஸ்பத்திரில ஆபத்துக்குன்னு இருக்கா, யாருக்கு என்னன்னாலும் அங்க போங்க" என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாள். என் ஆஸ்பத்திரிக்கு இப்படி ஒரு விளம்பரம் நடப்பது அதன் நிர்வாகத்துக்கே தெரியாது.

எங்கள் பிரிவின் வாசலில் ஒரு மேசை இருக்கும். வருகிறவர்களில் யாரை உடனே உள்ளே விட வேண்டும், யார் காத்திருக்கலாம் என்று பிரிப்பது அந்த மேசையின் வேலை. ட்ரையாஜ் என்பார்கள். பார்த்துவிட்டுக் கையில் ஒரு துணிப்பட்டை கட்டுவோம். சிவப்பு என்றால் உடனே டாக்டர். மஞ்சள் என்றால் கொஞ்சம் பொறுக்கலாம். பச்சை என்றால் கேண்டீனில் டீ குடித்துவிட்டே வரலாம். ஒவ்வொரு பட்டையிலும் ஒரு நம்பர் இருக்கும். அதே நம்பர் போட்ட சீட்டில் வலி எங்கே, நாடி எவ்வளவு, என்ன நடந்தது என்று எழுதி உள்ளே அனுப்புவோம். டாக்டர் பட்டை நம்பரையும் சீட்டு நம்பரையும் சேர்த்துப் பார்த்து வேலையை ஆரம்பிப்பார். பட்டையெல்லாம் அப்போது வெல்க்ரோ. கர்ரென்று இழுத்தால் கையோடு வந்துவிடும்.

கல்லூரிப் பரீட்சையில் இந்த ட்ரையாஜைப் பற்றி நாலு பக்கம் எழுதி, வகுப்பிலேயே அதிக மார்க் வாங்கியவள் நான். அந்த நாலு பக்கத்தில் தாய்மாமன் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

அன்றைக்கு என் சித்தி மகனுக்குக் காதுகுத்து. சித்தையன்கோட்டைப் பக்கம் இருக்கும் குலதெய்வக் கோயிலில் விசேஷம். நான் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லியிருந்தேன். (உண்மையில் கேட்கவே இல்லை. "எனக்கு எமர்ஜென்சி டூட்டி" என்று சொல்வதில் இருந்த சுகம் அப்படி.) காதுகுத்தில் குழந்தை யார் மடியில் உட்காரும் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அந்த மடி வீரணன் மாமாவுடையது. அம்மாவுக்கும் சித்திக்கும் ஒரே அண்ணன். நல்ல மனிதர். ஆனால் தாய்மாமன் என்பதை அவர் ஓர் உறவாக வைத்துக்கொள்ளவில்லை, பதவியாக வைத்திருந்தார். எந்த விசேஷத்திலும் அவர் உட்காராமல் இலை விழக் கூடாது. ஒரு கல்யாணத்தில் சந்தனக் கிண்ணம் அவரைத் தாண்டி அடுத்தவரிடம் போய்விட்டது என்பதற்காக, மண்டபத்து வாசலில் நின்ற பஸ்ஸில் ஏறி மத்தியானம் வரை தனியாக உட்கார்ந்திருந்தார். அந்த பஸ் அன்றைக்கு எங்கும் போகிற பஸ்கூட இல்லை.

நான் விசேஷத்துக்கு வரவில்லை என்றதும் மாமாதான் போனில் ஆறுதல் சொன்னார். "நீ வராட்டி என்ன ஆத்தா, விசேசம் முடிஞ்சதும் நாங்க அம்புட்டுப் பேரும் ஒன்னைய வந்து பாக்குறோம்" என்றார். விசேஷம் ஆரம்பிக்கும் முன்பே வந்துவிட்டார்கள்.

நடந்தது இதுதான். மாமாவின் சீர்வரிசையும், சித்தி வீட்டுப் பங்காளிகளும், வெட்டப்போகும் கிடாவும் ஒரே குட்டியானை லோடு வண்டியில் கிளம்பியிருக்கிறார்கள். வழியில் யாரோ ரோட்டின் பாதி அகலத்துக்கு மக்காச்சோளம் காயப்போட்டிருந்தார்கள். வண்டி அதில் ஏறி வழுக்கி, மெதுவாக, கிட்டத்தட்ட நாகரிகமாகவே, பக்கத்துச் செண்டுமல்லித் தோட்டத்தில் சாய்ந்துவிட்டது. ஆம்புலன்ஸ்காரர் பக்கத்திலேயே ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது என்றாராம். மாமா அதெல்லாம் முடியாது, எங்க புள்ள திண்டுக்கல்லுல இருக்கு என்று சொல்லிவிட்டார். அந்த விபத்தில் முழுப் பலன் அடைந்தது கிடா மட்டும்தான். அது அன்றைக்குக் காணாமல் போனது, இன்றுவரை கிடைக்கவில்லை.

ஞாயிறு காலை கேஸ் அதிகம் வராது என்பதால், இன்சார்ஜ் ஜெசிந்தா சிஸ்டர் அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்த மேசையை என்னை நம்பி விட்டிருந்தார். நான் பேனாவை நேராக வைத்து, பட்டைகளை நிறவாரியாக அடுக்கி, யாராவது வரமாட்டார்களா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆம்புலன்ஸில் ஐந்து பேரும் பின்னாலேயே ஆட்டோவில் நாலு பேரும் வந்தார்கள். எல்லோரும் பட்டு உடுத்தியிருந்தார்கள், எல்லோர் தலையிலும் செண்டுமல்லி ஒட்டியிருந்தது. ஏதோ கல்யாணக் கோஷ்டி வழி தவறி வந்துவிட்டது என்று செக்யூரிட்டி நினைத்திருக்கிறார்.

சத்தியமாகச் சொல்கிறேன், முதல் பத்து நிமிஷம் நான் நன்றாகத்தான் வேலை பார்த்தேன். சித்திக்குக் கணுக்கால் வீங்கியிருந்தது. சித்தப்பாவின் அண்ணன் தங்கவேலு பெரியப்பாவுக்கு நெற்றியில் வெட்டு, மூன்று தையல் போட வேண்டும். மாமாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு. காது குத்திக்கொள்ள வேண்டிய பையனுக்கு ஒன்றுமே இல்லை, முறுக்கு தின்றுகொண்டிருந்தான். மற்றவர்களுக்கு அங்கங்கே ஊமைக்காயம்.

கடைசியாக இறங்கியவர் பாக்கியம் அத்தை. மாமாவின் மனைவி. கையில் சீர்த் தாம்பாளம். வண்டி சாய்ந்தபோதும் அதை விடவில்லையாம். எங்கே வலிக்கிறது என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணுமில்ல ஆத்தா. மொதல்ல மாமாவப் பாரு. முழங்கை எரியுதாம் அவுகளுக்கு."

சொல்லும்போதே மூச்சைப் பாதியில் நிறுத்திக்கொண்டார். நாடி பிடித்தேன். நூற்றுப் பதினெட்டு. தாம்பாளத்தை வாங்கி வைத்துவிட்டு இடது விலாவுக்குக் கீழே லேசாகத் தொட்டேன், முகம் சுருங்கியது. வண்டி சாய்ந்தபோது தாம்பாளத்தின் விளிம்பு அங்கேதான் குத்தியிருக்கிறது. உள்ளே ரத்தம் கசியலாம். அப்படிக் கசிந்தால் பார்க்க ஒன்றும் தெரியாது, பேசிக்கொண்டே இருப்பார்கள், திடீரென்று சரிந்துவிடுவார்கள். இதெல்லாம் என் நாலு பக்கத்தில் இருந்தது. அத்தையின் கையில் சிவப்புப் பட்டை கட்டினேன். மூன்றாம் நம்பர். நான் சொந்தமாக முடிவெடுத்துக் கட்டிய முதல் சிவப்பு. நூற்றுப் பதினெட்டு, இடது வயிறு என்று சீட்டில் எழுதி உள்ளே அனுப்பிவிட்டு, ட்ராலி கொண்டு வரச் சொன்னேன்.

சீட்டின் மேலே பெயர், வயது, ஆணா பெண்ணா என்று மூன்று கட்டம் இருக்கும். அதை நிரப்பவில்லை. எங்கள் அத்தையின் பெயர் எனக்குத் தெரியாதா? அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். வெளியூர் ஆளாக இருந்திருந்தால் முதலில் பெயரைத்தான் கேட்டிருப்பேன்.

பெரியப்பாவுக்கு மஞ்சள் கட்டினேன். மாமாவுக்குப் பச்சை கட்டினேன். அத்தையைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, அசையக் கூடாது என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். மாமா தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெரியப்பாவின் மணிக்கட்டைப் பார்த்தார்.

"ஏத்தா, இந்தக் கலரெல்லாம் என்ன கணக்கு?"

இங்கேதான் நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். படித்த திமிரில் விளக்கினேன். சிவப்பை முதலில் பார்ப்பார்கள், மஞ்சள் அடுத்து, பச்சை கடைசி என்றேன்.

"அப்ப தங்கவேலுக்கு அப்புறந்தான் நானா?"

"மாமா, அவருக்குத் தையல் போடணும்."

"போடட்டும், யாரு வேணாமுன்னா? தையலு போடட்டும், கட்டுப் போடட்டும். கலரு எதுக்கு எனக்கு மேல இருக்கு?"

பெரியப்பா நெற்றியில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, மிகவும் பணிவாக, கேட்கிறவர்களுக்கு எரிகிற மாதிரி சொன்னார்: "கட்டி விடு புள்ள, மாமனுக்கு மஞ்சளையே கட்டி விடு. இல்லாட்டி கோவிச்சுக்கிட்டு ஆம்புலன்சுல ஏறி உக்காந்துக்குவாரு."

அதற்குப் பிறகு நடந்ததை முழுசாக எழுதினால் இரண்டு குடும்பங்களும் என்னோடு பேசாது. மாமா, இந்த ஆஸ்பத்திரியில் பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன் என்றார். பெரியப்பா, ஆஸ்பத்திரியில் யாரும் விருந்து வைக்கவில்லை என்றார். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் சித்தி கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் போட்ட மோதிரத்தின் எடை பேச்சில் வந்தது. காலில் ஆணி குத்தி வந்திருந்த, எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர், "மொறைன்னு பாத்தா மாமனுக்குத்தான மொதல்ல" என்று தீர்ப்புச் சொன்னார். நான் நடுவில் நின்றுகொண்டு, காயத்தைப் பொறுத்துத்தான் நிறம், உறவைப் பொறுத்து இல்லை என்று கத்திக்கொண்டிருந்தேன். நாலு வருஷப் படிப்பும் அந்த இடத்தில் ஒரு கொசுவுக்குச் சமமாக இருந்தது. சித்தி வேறு, வீங்கிய காலை நீட்டிக்கொண்டு, ஒன்னால ஒரு கலரு மாத்திக் கட்ட முடியாதா, என்ன படிப்புப் படிச்ச என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

திடீரென்று சத்தம் நின்றது.

திரும்பிப் பார்த்தேன். மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கையைத் தொடையில் வைத்திருந்தார், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. மணிக்கட்டில் சிவப்பு. பக்கத்தில் அத்தை தாம்பாளத்தை மறுபடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கையில் பச்சை. அதையும் முந்தானையால் மூடியிருந்தார்.

மாமாவுக்கு நான் சிவப்பு கட்டவில்லை என்று எனக்குத் தெரியும். அது யாருடையது என்பதும் தெரியும். நாலு எட்டு நடந்து, இரண்டையும் கழற்றி மாற்றிக் கட்டியிருக்க வேண்டும். மாற்றினால் மறுபடி மோதிரத்தின் எடையிலிருந்து ஆரம்பிப்பார்கள். ட்ராலி வரட்டும், அத்தையை நானே தள்ளிக்கொண்டு உள்ளே போய்விடலாம் என்று நினைத்தேன். அவர்கள் வந்ததிலிருந்து முதல்முறையாகக் காது குளிர்ந்தது. சித்தியைச் சக்கர நாற்காலியில் வைத்துத் திரைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய், கணுக்காலில் கட்டுப் போடக் குனிந்தேன்.

நான் குனிந்திருந்த நேரத்தில் ட்ராலி வந்துவிட்டது. தள்ளி வந்த அண்ணன், "செவப்பு யாரு?" என்று கேட்டிருக்கிறார். மாமா கையைத் தூக்கிவிட்டு, யார் உதவியும் இல்லாமல் தானே ஏறிப் படுத்துக்கொண்டார்.

உள்ளே நடந்ததை ஜெசிந்தா சிஸ்டர் பிறகு எனக்குப் பலமுறை சொன்னார். (கேட்காதபோதும் சொன்னார்.) டாக்டர் ஃபர்ஹானா மேடம் மூன்றாம் நம்பர் பட்டையைப் பார்த்தார், மூன்றாம் நம்பர் சீட்டை எடுத்தார். இடது பக்கம் வலிக்கிறதா என்று கேட்டார். மாமா வலிக்கிறது என்றார். மூச்சு விட்டால்? அதுவும் வலிக்கிறது. தலை சுற்றுகிறதா? நன்றாகச் சுற்றுகிறது. ஒரு டாக்டர் முதல் ஆளாகத் தன்னை உள்ளே கூப்பிட்டு இவ்வளவு அக்கறையாக விசாரிக்கும்போது இல்லை என்று சொல்வது அவருக்கு மரியாதையாகப் படவில்லை.

எங்கள் பிரிவில் சிவப்புக்கு என்று ஒரு முறை இருக்கிறது. அதில் யாருக்கும் சலுகை கிடையாது. முதலில் கழுத்து அசையாமல் இருக்கப் பெரிய பட்டை ஒன்று மாட்டினார்கள். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். இரண்டு கையிலும், இருப்பதிலேயே தடிமனான ஊசி. அப்புறம் கத்தரிக்கோல். காயம் எதுவும் கண்ணுக்குத் தப்பக் கூடாது என்பதற்காக உடுப்பைக் கழற்றாமல் வெட்டியே எடுப்போம். காதுகுத்துக்கென்று எடுத்த பட்டுச் சட்டையைக் கீழ் விளிம்பிலிருந்து கழுத்து வரை ஒரே இழுப்பில் வெட்டினார்கள். அடுத்தது பட்டு வேட்டி. கதவுக் கண்ணாடி வழியாகத் தங்கவேலு பெரியப்பா எட்டிப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, மாமா மாஸ்க்குக்குள் சிரித்தார் என்று ஜெசிந்தா சிஸ்டர் சொல்கிறார். நான் நம்புகிறேன்.

மானிட்டரைப் பார்த்த டாக்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "சீட்டுல பல்ஸ் நூத்திப் பதினெட்டுன்னு இருக்கு. இங்க எம்பத்திரெண்டு. இவருக்கு நம்மளவிட நல்லா இருக்கே, சிஸ்டர்" என்றார். சீட்டின் மேலே பெயரைத் தேடியிருக்கிறார். பெயர் இல்லை. அதற்குள் ஜெசிந்தா சிஸ்டர் முறைப்படி அடுத்ததற்கு வந்துவிட்டார். அடுத்தது சிறுநீர்க் குழாய்.

"இது எதுக்குத்தா?" என்று கேட்டிருக்கிறார் மாமா. எதற்கு, எங்கே என்று சிஸ்டர் விளக்கமாகச் சொன்னார்.

மாமா கழுத்துப் பட்டையோடு எழுந்து உட்கார்ந்துவிட்டார். "தாயி, எனக்கு ஒண்ணுமே இல்ல. முழங்கையில லேசா செராச்சிருக்கு, அம்புட்டுத்தான். இந்தப் பட்டை எம் பொண்டாட்டிது."

மூன்றாம் நம்பர் யாருடையது என்று டாக்டர் கத்தியது திரை வரைக்கும் கேட்டது. சித்தியின் காலைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். (சித்தி அதையும் இன்னும் மறக்கவில்லை.)

அத்தை அதே நாற்காலியில் அதே மாதிரிதான் உட்கார்ந்திருந்தார். தாம்பாளம் மடியில் சாய்ந்திருந்தது. ஓர் ஆரஞ்சுப் பழம் உருண்டு தரையில் விழுந்து நாற்காலிக்கடியில் போனது. அத்தை அதை எடுக்கவில்லை. அத்தை வீட்டில் ஒரு வெங்காயம் கீழே விழுந்தால்கூட, அது தரையைத் தொடுவதற்குள் பிடிப்பார். பழத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். உதடு வெளுத்திருந்தது. நெற்றியெல்லாம் வேர்வை, கை மட்டும் ஜில்லென்று இருந்தது. நாடியைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

"மாமாவப் பாத்தாச்சா?" என்று கேட்டார்.

ட்ராலிக்காகக் காத்திருக்கவில்லை. நானும் செக்யூரிட்டியும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஓடினோம். மாமாவை இறக்கிய அதே கட்டிலில் அத்தையை ஏற்றினோம். மாமாவுக்குப் பிரித்த ஊசி, மாஸ்க், மானிட்டர் எல்லாம் புதிதாகத் திரும்பவும் ஆரம்பமானது, இந்த முறை சரியான ஆளுக்கு. ஸ்கேனில் மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் தேங்கியிருந்தது தெரிந்தது. பட்டை கைமாறியதில் போன நேரம் பத்து நிமிஷத்துக்குள்தான் இருக்கும். இன்னொரு பத்து நிமிஷம் போயிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்கவில்லை.

ஆபரேஷனுக்கு ரத்தம் வேண்டும் என்றார்கள். அதற்குள் கோயிலில் காத்திருந்த மீதிச் சொந்தமும் வந்து சேர்ந்துவிட்டது. மாமன் வீட்டு ஆட்கள் ஒரு பக்கம், பங்காளிகள் ஒரு பக்கம், ரத்தம் கொடுக்க வரிசை. நாங்கதான் மொதல்ல குடுப்போம் என்று அங்கேயும் ஆரம்பித்தார்கள். ரத்த வங்கியில் இருந்தவர், பேசாமல் இருப்பவர்களுக்குத்தான் ஊசி என்று சொல்லி அடக்கினார். அந்த ஒரு வாக்கியம் எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றும் வயிறு எரிகிறது.

அம்மா மூச்சிரைக்க ஓடி வந்தாள். அண்ணி உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறார், மகள் அழுது வீங்கிப் போய் நிற்கிறாள். என் கையைப் பிடித்து அம்மா கேட்ட முதல் கேள்வி, "எங்கண்ணனுக்குப் போயிப் பச்சையக் கட்டுனியாமே?"

மூன்று மணி நேரம் ஆபரேஷன் நடந்தது. மாமா தியேட்டர் வாசலில் நின்றார். உடுத்த ஒன்றும் இல்லாததால் ஆஸ்பத்திரியின் பச்சை அங்கியைப் போட்டிருந்தார். கழுத்துப் பட்டையைக் கழற்றலாம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அந்த மூன்று மணி நேரமும் அவரை உட்காருங்கள் என்று யாரும் உபசரிக்கவில்லை. அதை அவர் கவனித்த மாதிரியே தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தங்கவேலு பெரியப்பா, நெற்றியில் தையலோடு, ஒரு டீ வாங்கி வந்து அவர் கையில் கொடுத்தார். கழுத்துப் பட்டையோடு டீயைக் குடிக்க முடியாமல் மாமா அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அத்தை பிழைத்தார்.

மறுநாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் போய்ப் பார்த்தேன். கோபத்தை அடக்க முடியவில்லை. பட்டையை ஏன் கழற்றிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். அத்தைக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

"அவுகளுக்குப் பச்சை, எனக்குச் செவப்புன்னா பாக்குறவுக என்ன ஆத்தா நெனப்பாக?"

"செத்துப் போயிருப்பீங்க அத்தை."

"அது சரி" என்றார், நான் ஏதோ சின்ன விஷயத்தைப் பெரிசு பண்ணுவது போல.

ஜெசிந்தா சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பட்டை கைமாறுனது ஒன் தப்பு இல்ல. பாத்துட்டுச் சும்மா இருந்த பாரு, அது ஒன் தப்பு. பேரு எழுதாதது அதவிடப் பெரிய தப்பு" என்றார். நிர்வாகம் எழுத்தில் விளக்கம் கேட்டது. "நோயாளி தனது பட்டையைக் கணவருக்கு மரியாதை நிமித்தம் வழங்கிவிட்டார்" என்று எழுதினேன். அதைவிட நல்ல வாக்கியம் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை. என்னை அந்த மேசையிலிருந்து தூக்கி, இரண்டு மாதம் மருந்து அலமாரியை ஒழுங்குபடுத்த விட்டார்கள். வெல்க்ரோ பட்டைகள் போய்விட்டன. இப்போது இருப்பது பிளாஸ்டிக், கத்தரிக்கோல் இல்லாமல் கழற்ற முடியாது. புதிதாக வரும் நர்சுகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, கணவனையும் மனைவியையும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைக்காதே என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள். அதற்குக் காரணமானவள் யார் என்றும் சொல்கிறார்கள்.

காதுகுத்து நாலு மாதம் கழித்து நடந்தது. மாமா மடியில்தான் பையன் உட்கார்ந்தான். பந்தியில் யாரோ ஒருவர், தனக்கு முன்னால் பக்கத்து இலைக்குப் பரிமாறிவிட்டார்கள் என்று முறுக்கிக்கொண்டு எழுந்தார். பெரியப்பா அடுக்களையைப் பார்த்து, "ஏலே, அண்ணனுக்கு ஒரு செவப்புப் பட்டையக் கட்டுங்கடா. சட்டைய வெட்டி, கொழாயப் போட்டு அனுப்பட்டும்" என்றார். எழுந்தவர் உட்கார்ந்துவிட்டார். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் மாமா. இப்போது எங்கள் பக்கத்தில் எந்த வீட்டு விசேஷத்திலும் இந்த வார்த்தை ஓடுகிறது. சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு நான் யாரென்றே தெரியாது. படித்து முன்னேறி எங்கள் ஊருக்கு நான் கொண்டுவந்து சேர்த்தது இதுதான்.

மாமாவுக்கு மட்டும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. அத்தை எதற்கும் "எனக்கு ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்வாள், அவள் வாயை நம்பக் கூடாது என்று முடிவு செய்துவிட்டார். தினமும் காலையில் அத்தையை உட்காரவைத்து, மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் எண்ணுகிறார். எண்ணியதும் எனக்குப் போன் வரும். நான் டூட்டியில் இருந்தாலும் சரி, தூங்கினாலும் சரி.

"ஆத்தா, எழுவத்தெட்டு."

எப்போதும் எழுபத்தெட்டு. எனக்குச் சந்தேகம் வந்து ஒருநாள், எந்த விரலை வைத்துப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். கட்டைவிரல் என்றார். கட்டைவிரலுக்கென்று ஒரு துடிப்பு உண்டு மாமா, அதை வைத்தால் உங்கள் நாடியைத்தான் எண்ணுவீர்கள், அத்தையுடையது தெரியாது, பக்கத்தில் இருக்கும் இரண்டு விரலை வையுங்கள் என்றேன். ஒருமுறை இல்லை, நாலு முறை சொல்லிவிட்டேன். வீடியோ காலில் செய்தும் காட்டினேன்.

"வெரலுக்கெல்லாம் மூத்தது கட்டைவெரலு. அது இருக்கையில மத்ததுக்கு எதுக்குத்தா அந்த எடம்?" என்கிறார்.

பின்னால் அத்தையின் குரல் கேட்கிறது. விட்டுவிடச் சொல்கிறார், அவர் இஷ்டம்போலப் பார்த்துக்கொள்ளட்டுமாம். அதனால் வாரம் ஒருமுறை நானே பஸ் பிடித்துப் போய், என் இரண்டு விரலை வைத்து அத்தையின் நாடியை எண்ணிவிட்டு வருகிறேன். மற்ற ஆறு நாளும் மாமா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு தன் நாடியை எண்ணி எனக்குச் சொல்கிறார். எழுபத்தெட்டு. நன்றாகவே இருக்கிறது.